ஆறுதலா வரும் காசு

தமிழ் தமிழ்தானே என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். கொழும்பில் ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளர் டெங்குவில் படுத்துவிட்டாராம். சென்னையில் சும்மா இருந்த நான் அகப்பட்டேன். வடக்கே ஒரு குளிர் நாட்டின் நிதி அமைச்சிலிருந்து ஓர் அம்மாள் வருகிறாள், இலங்கையில் புத்தளம் பக்கத்துக் கடற்கரையைப் பார்க்க வேண்டும், போகிற ஊர்களில் தமிழ்தான், சில நாள் வேலை என்றார்கள். எனக்கு வேறென்ன வேலை? வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

என் வீட்டுக்காரர் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். எதிலும் அவசரக்காரர். கொதிக்கிற டீயை இரண்டு மடக்கில் குடித்துவிட்டு, நான் இன்னும் டம்ளரைக் கையில் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்வார். போவதிலும் அந்த அவசரத்தைக் காட்டிவிட்டார். நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். கல்யாணமான புதிதில் கடற்கரையில் உட்கார்ந்து, “இப்படியே நேராப் போனா சிலோன். ஒரு தடவை போய்ட்டு வந்துரணும்” என்று கையை நீட்டிக் காட்டுவார். தலை நரைக்கும்வரை காட்டினார். போகவில்லை. அவர் கை காட்டிய இடத்துக்குத்தான் இப்போது நான் மட்டும் போகிறேன், யாரோ ஒரு நாட்டின் செலவில்.

கொழும்பு விமான நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்ட வேனில் அந்த அம்மாள், மார்த்தா, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். பெரிய தொப்பி, மூக்கின் மேல் வெள்ளையாகக் களிம்பு. டிரைவர் சுனில் சிலாபத்துக்காரர். சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி எடுப்பார். ஆனாலும் அவர் சொல்வது புரியாமல் போனதில்லை. நீர்கொழும்பு தாண்டி ஒரு கடையில் நிறுத்தி மாலுபாண் வாங்கித் தந்தார். பன்னுக்குள் மீனும் உருளைக்கிழங்கும் காரமாக இருந்தன. எங்கள் பேக்கரிகளில் பன்னைக் கடித்தால் இனிப்புத் தேங்காய்ப்பூதான் வரும். முதல் கடியிலேயே நான் கட்சி மாறிவிட்டேன்.

“உங்கள் வேலைதான் என்ன?” என்று மார்த்தாவிடம் கேட்டேன்.

“எங்கள் மந்திரி வெளிநாட்டு மேடைகளில் ஏறி, ஏழை நாடுகள் வெப்பத்தையும் வெள்ளத்தையும் சமாளிக்க இவ்வளவு தருகிறோம் என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டு இறங்குவார். அது எங்கேயிருந்து வரும் என்று தேடுவது நான்.”

தேடினால் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். சிலாபம் வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் அவர்கள் மக்களின் வரிப்பணம். அதற்கு ஒவ்வொரு வருடமும் நாடாளுமன்றம் கை தூக்க வேண்டும். கொஞ்சம், புகை விடுகிற ஆலைகள் அதற்கான அனுமதியை அரசிடம் ஏலத்தில் எடுக்கும்போது வருவது. சில நாடுகள் விமான டிக்கெட்டில் ஒரு சிறு வரி போடுகின்றன. நிறைய, கடனாகப் போகிறது. வட்டியோடு திரும்பி வரப்போகிற பணம்தான், ஆனாலும் முழுத் தொகையையும் கொடுத்ததாகவே எழுதிக்கொள்கிறவர்கள் உண்டு. இன்னும் கொஞ்சம், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று முன்பே ஒதுக்கிவைத்த உதவிப் பணம். அதன் பெயரை மாற்றி, காலநிலைக்கு என்று எழுதிவிடுவது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டியிருக்கும். அதைத் தேய்த்து அழித்துவிட்டு நம் பெயரை வெட்டி அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற சாமர்த்தியசாலிகள் உண்டு. இதை மார்த்தாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “தேய்க்கிற ஆள் நான்தான்” என்றாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

உடப்பில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் போன வலையின் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுக்கிறார்கள். மார்த்தா படம் எடுக்க இறங்கியவள், படத்துக்காகக் கயிற்றைத் தொட்டாள். தொட்டவளை யாரும் விடவில்லை. முகம் சிவந்து, செருப்பு மணலில் புதைந்து, வலை கரையேறும்வரை இழுத்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது. மீனைப் பிரித்த பெரியவர் ஒரு பையில் சாளை போட்டு அவளிடம் நீட்டினார். மார்த்தா பின்வாங்கினாள். அரசு வேலையில் இருப்பவர்கள் இனாம் வாங்கக் கூடாது என்பது அவள் நாட்டு விதி. நான் அதைத் தமிழில் சொன்னதும் பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது.

“இனாம் ஆரு குடுத்த? கயிறு புடிச்சவவுக்கு உள்ள பங்கு, அம்மா. இத வாங்காமப் போனா நாங்க அவவிட கூலிய மறிச்ச மாதிரி.”

மார்த்தா யோசித்தாள். பங்கு என்றால் விதியில் ஒன்றும் இல்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். வேனில் ஏறும்போது பெரியவர் என்னைப் பார்த்து, “ஆறுதலா போங்க, அம்மா” என்றார்.

எனக்குத் திக்கென்றது. முன்பின் தெரியாத மனிதர். என் நெற்றியில் பொட்டு இல்லாததைக் கவனித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் கவனிப்பார்கள், ஆனால் வாய் திறந்து ஆறுதலாகப் போ என்று யாரும் சொன்னதில்லை. வேன் நகர்ந்து வெகுதூரம் போகும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாலாவியில் உப்பளங்கள். பாத்திகளையும் வெள்ளைக் குவியல்களையும் பார்த்து ஒரு நிமிடம் ஊருக்கே வந்துவிட்டோமோ என்று மயங்கினேன். கற்பிட்டிப் பாதையில் திரும்பியதும் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. அதுவும் எங்கள் ஊரில் இருக்கிறது. பிறகு காற்றாலைகள். மார்த்தா அவற்றை விரலால் காட்டினாள். “இதற்கெல்லாம் பணம் கிடைத்துவிடும். மின்சாரத்தை விற்கலாம், கடனை அடைக்கலாம், கம்பெனிக்காரர்கள் தாங்களே வருவார்கள். கடலைத் தடுக்கிற கல்சுவர் என்ன சம்பாதிக்கும்? அதற்குத் திரும்பி வராத பணம்தான் வேண்டும். எங்களிடம் எப்போதும் குறைவாக இருப்பது அதுதான்.”

அவள் வந்ததே அப்படி ஒரு சுவருக்காகத்தான். குறிஞ்சிப்பிட்டிக்கு அருகே கடலோரத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு. கடல் அரித்துக்கொண்டே வருகிறது, கல்சுவர் கட்டித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். மார்த்தா நேரில் பார்த்து, அவர்களோடு பேசி, தன் அமைச்சுக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். அதைப் பொறுத்துத்தான் அந்தச் சுவர் இந்த வருடப் பட்டியலில் ஏறுவதும் ஏறாததும்.

அன்று சாயங்காலம் கற்பிட்டியில் தங்குமிடத்துக்குப் பின்னால் இருந்த கடற்கரைக்குப் போனேன். எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து வரும். இங்கே கடலுக்குள் போகிறது. இரண்டும் ஒரே கடல். அவர் கை நீட்டிய கோட்டின் மறுமுனையில் நான் நின்றுகொண்டு, அவர் உட்காரும் இடம் எந்தப் பக்கம் என்று தேடினேன். கையை நீட்டிப் பார்த்தேன். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் உடனே மடக்கிக்கொண்டேன். உங்களை ஒரு தடவையாவது கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று அத்தனை ஏக்கமாக இருந்தது.

உடப்புச் சாளையைத் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பாக்கி, இடியப்பத்தோடும் சொதியோடும் கொண்டுவந்து வைத்தாள் சமையல்காரப் பெண். புளியைக் கரைத்து ஊற்றாத மீன் குழம்பை நான் குழம்பென்று ஒப்புக்கொண்டதில்லை. அன்று ஒப்புக்கொண்டேன். வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் முதுகுப் பக்கம் வந்து, “ஆறுதலா சாப்பிடுங்க, மிஸ்” என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இவளுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த நாடு முழுக்க மனிதர்கள் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் குடியிருப்புக்குப் போகும் வழியில் கழுதைகள் மறித்தன. அந்தப் பக்கத்தில் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் ரோட்டின் நடுவில் நின்று யோசிக்கும். சுனில் ஒதுங்கப் போய் வேனை மணலில் இறக்கிவிட்டார். சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே போயிற்று. நாங்கள் இறங்கிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது வீடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஆண்கள் எல்லாரும் கடலுக்குப் போயிருந்தார்கள். முந்தானையைத் தலையில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி முன்னால் வந்து சக்கரத்தடியில் தென்னோலையைத் திணித்து, மற்றவர்களை வரிசைப்படுத்தி, தள்ளச் சொன்னாள். வேன் வெளியே வந்ததும் கையைத் தட்டிக்கொண்டு, “வாங்க மிஸ், உங்களத்தான் பாத்துக்கிட்டு இரிக்கம்” என்றாள். அவள்தான் ஜெசீமா, அங்குள்ள மாதர் சங்கத்தின் செயலாளர். நாற்பதைத் தாண்டியிருப்பாள்.

கடைசித் தென்னையின் நிழலில் கதிரைகள் போட்டிருந்தார்கள். நாற்காலியை அங்கே கதிரை என்கிறார்கள். இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. அந்தத் தென்னைக்கு அப்பால் மணல் செங்குத்தாக வெட்டுப்பட்டு, கீழே கடல். தண்ணீருக்குள் கொஞ்ச தூரத்தில் சிமெண்ட் உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

“அது எங்கட பழைய கிணறு, மிஸ்” என்றாள் ஜெசீமா. “நான் கலியாணம் முடிச்சி வரக்குள்ள அதுக்கு அங்கால ஒரு தோட்டம். தோட்டத்துக்கு அங்கால ரோட்டு. கடல் எண்டு ஒண்டு இரிக்கி எண்டு சத்தத்தில மட்டும்தான் தெரியும்.”

மார்த்தா நேர்மையாகவே பேசினாள். சுவருக்கான பணம் திரும்பி வராத பணம், ஒவ்வொரு வருடமும் தங்கள் நாடாளுமன்றம் கை தூக்க வேண்டும், நாள் பிடிக்கும், இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். பெண்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். பிறகு ஜெசீமா எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு மரியாதையாகச் சொன்னாள்:

“காசு ஆறுதலா வந்தாலும் போதும், மிஸ். எங்களுக்கு வேற ஒண்டும் வேணாம்.”

அந்தச் சொல் இரண்டு நாளாக என்னைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்த சொல். அதை அப்படியே இங்கிலீஷில் கொண்டுபோனேன்: பணம் ஓர் ஆறுதலாக வந்தாலே இவர்களுக்குப் போதும், வேறு எதுவும் வேண்டாம். மார்த்தா நிமிர்ந்தாள். ஆறுதல் என்ற சொல்லையா சொன்னாள் என்று கேட்டாள். “ஆமாம், அதே சொல்” என்றேன். என் வேலையை இவ்வளவு நன்றாகச் செய்து எத்தனை நாளாயிற்று என்றுகூடப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மார்த்தா கரையைப் படமெடுக்கப் போனபோது ஜெசீமா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். பாண் என்கிற ரொட்டியை வெட்டி, தேங்காய்ச் சம்பல் இடித்துக் கொடுத்தாள். இடித்துக்கொண்டே சொன்னாள்: “நான் பொறந்த ஊர் மன்னார்ப் பக்கம், மிஸ். யுத்த நேரம் எங்கட ஆக்கள ஊர விட்டு எழும்பச் சொல்லிட்டாங்க. அடுப்பில சோறு கொதிச்சிக்கிட்டு இருந்த. உம்மா வடிச்சி மூடி வெச்சிட்டு வந்தா, வந்து திங்கலாம் எண்டு. திரும்பிப் போனவங்களும் இரிக்கி. நான் போகல்ல. எனக்கு ஊர் எண்டா இதுதான். ஒருக்கா எழும்பியாச்சி. இன்னொருக்கா எழும்ப ஏலாது.” சம்பலை என் தட்டில் வைத்தாள். “இவடத்திலயே இரிக்கணும் எண்டுதான் ஆச.”

திரும்பும் வழியில் மார்த்தா நிம்மதியாக இருந்தாள். காலநிலைப் பணத்துக்கு அவர்களிடம் இரண்டு பைகள் உண்டு என்றாள். ஒன்று, இருக்கிற இடத்தைக் காப்பாற்ற. சுவர் அதில் வரும். அந்தப் பை எப்போதும் காலி. இன்னொன்று, காப்பாற்ற முடியாமல் போனதற்கு. அதை நஷ்டஈடு என்று சொல்ல எந்தப் பணக்கார நாடும் சம்மதிக்காது; சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆனால் ஆறுதல் என்றால் சொல்லலாம். மந்திரிக்கும் அந்தப் பை பிடிக்கும், இப்போதைக்கு அதில் பணமும் இருக்கிறது. “நான் அதில் எழுதிவிடுகிறேன். உள்ளே தள்ளி எங்காவது நிலம் வாங்கி வீடு கட்டிக் கொடுத்து எல்லாரையும் மாற்றிவிடலாம்.”

“ஜெசீமா எழுந்து போக மாட்டேன் என்று என்னிடம் சொன்னாளே” என்றேன்.

“எங்கே சொன்னாள்?”

“சமையலறையில்.”

“கூட்டத்தில் சொன்னதைத்தான் நான் எழுத முடியும்” என்றாள் மார்த்தா. அதுவும் நியாயம்தான். சொன்னவள் ஜெசீமா, கேட்டவள் மார்த்தா, நடுவில் நான் வெறும் குழாய் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சமாதானம் ஆகவில்லை.

அடுத்த நாள் உச்சமுனைத் தீவுக்குப் போக வேண்டியிருந்தது. வேறொரு நாட்டின் பணத்தில் அங்கே கண்டல் கன்றுகள் நட்டிருந்தார்கள். நாங்கள் அலையாத்தி என்பதை அங்கே கண்டல் என்கிறார்கள். அது எப்படி வளர்ந்திருக்கிறது என்று மார்த்தாவுக்குப் பார்க்க ஆசை. கற்பிட்டித் துறையில் நஸீர் என்பவரின் படகு காத்திருந்தது. கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு பலகை. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையில் கால் வைத்ததும் நஸீர் கையை நீட்டி, “ஆறுதலா ஏறுங்க, மிஸ்” என்றார்.

இனி அடக்க முடியவில்லை. “இந்த ஊர்ல எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்றீங்க. உங்களுக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டுவிட்டேன்.

“என்ன மிஸ் தெரிஞ்ச?”

“என் வீட்டுக்காரர் தவறிப்போனது.”

நஸீர் என் கையைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். “அல்லாஹ், அது எனக்குத் தெரியாதே, மிஸ். பலகை வழுக்கும், அதான் ஆறுதலா ஏறுங்க எண்ட. அவசரப்படாம. மெல்லமா.”

மெல்லமா. நான் பலகையின் நடுவில் நின்றேன். உடப்புப் பெரியவர் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறார். சமையல்காரப் பெண் மெதுவாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறாள். யாரும் என் முகத்தைப் படிக்கவில்லை. யாருக்கும் அவரைத் தெரியாது. இரண்டு நாளாக நான் பத்திரமாகச் சேர்த்துவைத்திருந்த ஆறுதல் எல்லாம் அந்தப் பலகையிலேயே கழன்று விழுந்தது. அவர் இரண்டாம் முறை போனதுபோல இருந்தது எனக்கு. அதற்குப் பிறகுதான் ஜெசீமா ஞாபகம் வந்தாள். காசு மெதுவாக வந்தாலும் போதும். சுவரைத் தவிர வேறு ஒன்றும் வேண்டாம். அதைத்தான் அவள் சொன்னாள்.

படகில் உட்கார்ந்ததும் மார்த்தாவிடம் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டு, தொப்பியைக் காற்றில் பிடித்தபடி, “நேற்றே அனுப்பிவிட்டேன்” என்றாள். பட்டியல் இன்று மூடுகிறதாம். போன் பேச வேண்டும். புத்தளம் கடலேரியின் நடுவில் சிக்னல் இல்லை. தீவில் ஓரிடத்தில் கிடைக்கும் என்றார் நஸீர். அந்த நேரம் பார்த்து இயந்திரத்தில் பாசி சுற்றிக்கொண்டு படகு நின்றது.

“சுறுக்காப் போகணுமே” என்று நான் பதறினேன்.

“ஆறுதலா, மிஸ், ஆறுதலா” என்றார் நஸீர், தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டே. அந்தச் சொல்லை அந்த நேரத்தில் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. பிறகு சிரிப்பும் வந்தது. மார்த்தா ஏன் சிரிக்கிறாய் என்று கேட்கவில்லை.

உச்சமுனையில் ஒரு பனையடியில்தான் சிக்னல். மார்த்தா அங்கே நின்று தன் பாஷையில் வெகுநேரம் பேசினாள். நான் கண்டல் கன்றுகளைப் பார்க்கப் போனேன். சேற்றில் இடுப்பளவு உயரத்தில் நன்றாகவே நின்றன. பக்கத்தில் பணம் கொடுத்த நாட்டின் கொடி வரைந்த பலகை. வெயிலில் நிறம் போய், எந்த நாடு என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது மார்த்தா போனை அணைத்துவிட்டிருந்தாள்.

“திருத்திவிட்டார்கள். மறுபடி சுவர் பையில் போட்டுவிட்டார்கள்” என்றாள்.

கும்பிடப் போனேன்.

“ஆனால், மெதுவாகத் தந்தால் போதும் என்று அவர்களே சொல்கிறார்களா என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்றேன். அப்படியானால் காத்திருக்க முடியாதவர்களுக்கு முதலில் கொடுப்போம், இவர்கள் பிறகு என்று எழுதிக்கொண்டார்கள்.”

தப்பாக மொழிபெயர்த்ததில் வீடு போனது. சரியாக மொழிபெயர்த்ததில் சுவர் தள்ளிப்போனது. தீவில் சிவப்பரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். என்ன சாப்பிட்டேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

கடைசி நாள் விமான நிலையத்துக்குப் புறப்படுமுன் ஜெசீமா வீட்டுக்குப் போனோம். அவள் கேத்தலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே நான் செய்த தப்பைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

“நான் எப்ப மிஸ் ஆறுதல் கேட்ட? ஆறுதல் சொல்லுறது வேற, ஆறுதலா சொல்லுறது வேற. இது சின்னப் புள்ளைக்கும் விளங்குமே. தமிழ்தானே கதைச்ச?”

அந்தக் கோபம் எனக்கு வேண்டியதுதான். அந்தச் சொல் எனக்கு ஏன் அப்படிக் கேட்டது என்பதையும் சொன்னேன், தூத்துக்குடிக் கடற்கரையில் அவர் உட்காரும் இடத்திலிருந்து தொடங்கி. ஜெசீமா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே அலைச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் கேட்கும்.

பிறகு பட்டியல் விஷயத்தைச் சொன்னேன். இது அவளை இன்னும் சுட்டது. மார்த்தாவை நேராகப் பார்த்துக்கொண்டு, என்னிடம் சொன்னாள்:

“அது மரியாதைக்குச் சொன்ன, மிஸ். வீட்டுக்கு வந்த ஆளுக்கிட்ட சுறுக்காத் தா எண்டு ஆரும் கேப்பாங்களா? விருந்தாளிக்குத்தான் ஆறுதலா. கடல் ஆறுதலா வரல்லயே. அவங்களுக்குச் சொல்லுங்க, சுறுக்கா வேணும். ஆறுதலா எண்டத வெட்டிடச் சொல்லுங்க.”

சுறுக்கா. இந்தச் சொல் எங்கள் ஊரிலும் இருக்கிறது. அவசரக்காரர் வாயில் நாள் முழுக்கக் கேட்ட சொல். மெதுவுக்கு எங்கள் இரண்டு கரைகளும் வேறு வேறு சொல் வைத்திருக்கின்றன, வேகத்துக்கு மட்டும் ஒரே சொல். ஜெசீமாவிடம் ஒவ்வொரு சொல்லையும் திரும்பக் கேட்டு, சரிதானா என்று உறுதி செய்துகொண்டு மார்த்தாவுக்குச் சொன்னேன். மார்த்தா அந்தத் தமிழ்ச் சொல்லைச் சொல்லிக் காட்டச் சொன்னாள். தன் எழுத்தில் எழுதிக்கொண்டாள். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். அவள் வாயில் ‘சுறுக்கா’ வேறு என்னவோபோல வந்தது. ஜெசீமா சிரித்துவிட்டாள்.

“இந்தச் சொல்லை எங்கள் அமைச்சின் மேசைக்குக் கொண்டுபோவேன். பணத்தைக் கொண்டுவருவேன் என்று சொல்ல மாட்டேன், பொய்யாகிவிடும்” என்றாள் மார்த்தா. அதையும் அப்படியே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வேன் வரை வந்து வழியனுப்பினாள் ஜெசீமா. “ஆறுதலா போய்ட்டு” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். “போய்ட்டு சுறுக்கா வாங்க, மிஸ்” என்றாள்.

நான் சென்னைக்குத் திரும்பிய பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அவளுடைய குரல் செய்தி வரும். சுகமா மிஸ், சாப்பிட்டீங்களா, காசு பத்தி ஏதும் கதைச்சாங்களா. மழைக்காலம் முடிந்து ஒரு நாள் குரலுக்குப் பதில் படம் வந்தது. கூட்டம் நடந்த தென்னையைக் காணோம். தண்ணீரில் இப்போது இரண்டு கிணறுகள் நிற்கின்றன. இரண்டாவது, நான் சம்பலும் பாணும் சாப்பிட்டுக் கை கழுவிய கிணறு.

படத்தை மார்த்தாவுக்கு அனுப்பினேன். கீழே ஒரே ஒரு சொல் எழுதினேன், அவளுக்குத் தெரிந்த சொல்தான். மறுநாள் பதில் வந்தது. அவர்கள் நாட்டிலும் பெரிய வெள்ளமாம். பணம் முதலில் உள்ளூருக்கு என்று நாடாளுமன்றத்தில் சண்டையாம், வாக்கெடுப்பைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். சுவர் இன்னும் பட்டியலில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். மேசையில் அந்தச் சொல்லைத் தமிழிலேயே சொன்னேன் என்றும் எழுதியிருந்தாள். நம்புகிறேன். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

அதை ஜெசீமாவுக்குத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். பொறுங்கள் என்று எழுதி அழித்தேன். தாமதமாகும் என்று எழுதி அழித்தேன். இதற்கென்றே அவள் ஊரில் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. கடைசியில் போன் செய்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் அலைச் சத்தம், முன்னைவிடப் பக்கத்தில். “மிஸ்?” என்றாள். நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவளும் காத்துக்கொண்டிருந்தாள்.

“பரவால்ல, மிஸ்” என்றாள். “ஆறுதலா சொல்லுங்க.”